சவர்க்காரச் சட்டி கழுவின தண்ணி எங்கே போகுது?

2023 மார்கழியில் 23 நாள் எங்கள் வீட்டில் மலசலகூடம் இருந்தும் இல்லாத மாதிரித்தான். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. 76 வயது மாமியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் குடையோடு, சேற்றுக்குள்ளால் மச்சாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். ஒரு நாளைக்கு நாலைந்து தரம். ஓ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் பொழுதுபட்ட பிறகு தண்ணி குடிக்கிறதையே விட்டுவிட்டாள். கேட்டால் "தாகம் இல்லையம்மா" என்பாள். இத்தனைக்கும் காரணம் நான் வீட்டில் சவர்க்காரம் செய்தது. சரியாகச் சொல்லப்போனால், சவர்க்காரம் செய்த சட்டியை நான் கழுவின விதம். எனக்குப் பழக்கினவர்கள் எண்ணெய் அளவு சொன்னார்கள், கையுறை போடச் சொன்னார்கள், பொதி செய்து விற்கிற விதமும் சொன்னார்கள். கழுவின தண்ணியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்கள் இந்தத் தொழிலைத் தொடங்குகிறார்கள். அதனால்தான் எதையும் மறைக்காமல், போன காசையும் சேர்த்து எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது முரசுமோட்டைப் பக்கம். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ-35 வீதியில் இறங்கி உள்ளே வரவேண்டும். சுற்றிவர வயல், களிமண் நிலம், மாரியில் தண்ணி வடிய நாள் எடுக்கும். மீள்குடியேறி வந்தபோது வளவில் நின்றது ஒரு பட்ட பனையும் கிணறும்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 லட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகத் தந்தார்கள். மிச்சத்துக்குக் கடன்பட்டுத்தான் வீட்டை முடித்தோம். கூரை போட்டதை விட எனக்குப் பெரிய சந்தோசம் மலசலகூடத்துக்குக் கதவு பூட்டின நாள். 2009 இல், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் கைக்குழந்தையோடு வாளியையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கு, சொந்தமாக ஒரு மலசலகூடம், உள்ளே தாழ்ப்பாள், பக்கத்தில் தண்ணி என்றால் என்னவென்று தெரியும். 14 வருசத்துக்குப் பிறகு திரும்பவும் குடையும் வாளியுமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டி வந்ததுதான் எனக்குக் காசு போனதை விடக் கூடுதலாக நொந்தது.

2022 இல் நாடு இருந்த இருப்பு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். குளிக்கிற சவர்க்காரம் ஒன்றின் விலை சில மாதத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேலே போனது. இவர் உழவு மெசின் ஓட்டுகிறவர், டீசல் இல்லாமல் மெசின் முற்றத்தில் நின்றது. அந்த ஐப்பசியில் ஒரு நிறுவனம் எங்கள் கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தந்தது, நானும் போனேன். எண்ணெயைச் சவர்க்காரமாக்கச் சேர்க்கிற கடும் காரம்தான் கோஸ்டிக் சோடா. அந்தச் சொல்லே எனக்குப் புதிதில்லை. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஒரு காலம் செய்ததே அதுதான். ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சி கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்தார்கள். மாமா அங்கே வேலை செய்தவர். சண்டையோடு தொழிற்சாலை நின்றுபோனது, மாமாவும் இப்போது இல்லை. நான் முதல் பக்கற்றை வாங்கி வந்த அன்று மாமி அதைக் கையால் தொடவே இல்லை. "பிள்ளை, அவர் வேலையால வந்து கை கழுவாமல் உன்ர புருசனைத் தூக்கமாட்டார். இது விளையாட்டுச் சாமான் இல்லை" என்றா. நான் அதைக் கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஆபத்தாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். பைப்பும் குழியும் என் நினைவிலேயே வரவில்லை.

என் அளவு இதுதான்: தேங்காய் எண்ணெய் 700 கிராம், பாம் எண்ணெய் 200, வேப்பெண்ணெய் 100. இதற்குக் கோஸ்டிக் சோடா 162 கிராம், கரைக்கத் தண்ணி 330. ஆறவிட்டு, எண்ணெயோடு சேர்த்து, கடைகிற மெசினால் அடித்துக் கூழ்ப்பதம் வந்ததும் அச்சில் ஊற்றுவேன். 13 கட்டி வரும். 4 கிழமைக்குக் குறையாமல் காயவிட்டுத்தான் விற்பேன். கிழமைக்கு இரண்டு தடவை செய்தேன். அச்சில் ஊற்றி முடிந்த கையோடு சட்டி, கரண்டி, மெசின் எல்லாவற்றையும் குசினித் தொட்டியில் போட்டு, சுடுதண்ணி விட்டு, தேய்த்துக் கழுவிவிடுவேன். சட்டி பளபளவென்று வந்துவிடும். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

பிழை முழுக்க அந்தக் "கையோடு" என்ற சொல்லில்தான் இருக்கிறது. அச்சில் ஊற்றுகிற நேரத்தில் அது இன்னும் சவர்க்காரம் இல்லை. எண்ணெயும் காரமும் அப்போதுதான் ஒன்றையொன்று பிடிக்கத் தொடங்கியிருக்கும். அது முழுதாகச் சவர்க்காரமாக 24 மணித்தியாலம், சிலவேளை இரண்டு நாள் எடுக்கும். சட்டியில் ஒட்டியிருக்கிற கூழைத் தண்ணி விட்டு அனுப்பினால் அது தண்ணியோடு போய்ச் சேருகிறதில்லை. பைப்பின் சுவரில் ஒரு படையாகப் பிடித்து, அங்கேயே இருந்து சவர்க்காரமாகி இறுகும். "தேங்காய் எண்ணெய் எங்கட வெயிலுக்கு உறையாது, அடைக்காது" என்று நான் நம்பினேன். எண்ணெய் உறையாதது உண்மைதான். அங்கே உறைந்தது எண்ணெய் இல்லை, சவர்க்காரம். அதோடு எங்கள் கிணற்றுத் தண்ணி கடினத் தண்ணி. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிற வீடு என்றால் உங்களுடையதும் அப்படித்தான். அந்தத் தண்ணியில் இருக்கிற கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் தண்ணியில் கரையாத ஒரு சாமான் உண்டாகும். குளிக்கிற இடத்துச் சுவரில் சாம்பல் நிறத்தில், சுரண்டினால்தான் போகிற ஊத்தை ஒன்று பிடிக்குமே, அதேதான். சுடுதண்ணிக்கும் அது அசையாது.

பிறகு ஒருநாள் ஆத்திரத்தில் கணக்குப் பார்த்தேன். சட்டியைத் தராசில் வைத்து, வழித்து எடுத்துவிட்டுத் திரும்ப நிறுத்தால் 60 கிராம் வித்தியாசம். கிழமைக்கு இரண்டு தரம், 14 மாதம், ஏறக்குறைய 120 சட்டி. ஏழு கிலோவுக்கு மேல் சவர்க்காரக் கூழை நானே என் கையால் பைப்புக்குள் ஊற்றியிருக்கிறேன்.

இன்னொரு பிழை வீடு கட்டும்போதே நடந்தது. வன்னியில் குசினித் தண்ணி வாழையடிக்குப் போகிறதுதான் வழமை. எங்கள் வீடு கட்டின மேசன், முற்றத்தில் தண்ணி தேங்கி நுளம்பு பெருகும் என்று சொல்லி, குசினித் தொட்டியின் 2 அங்குலப் பைப்பையும் மலசலகூடத்தின் தொட்டிக்குள்ளேயே விட்டிருந்தார். எனக்கும் அப்போது அது வசதியாகத்தான் தெரிந்தது. வீட்டுக் கழிவுநீரையும் மலசலகூடத்தையும் ஒரே தொட்டிக்கு விடுவதென்றால் அந்த அளவுக்குப் பெரிய தொட்டி வேண்டும், தொட்டித் தண்ணி மண்ணுக்குள் ஊறிப்போகிற ஊறுகுழியும் அப்படியே. எங்களுடையது அஞ்சு பேருக்குக் கட்டின சின்னத் தொட்டி. உங்கள் குசினித் தண்ணி எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், சவர்க்காரம் செய்யத் தொடங்க முதல் ஒரு வாளி தண்ணியில் கொஞ்சம் மஞ்சளைக் கரைத்து ஊற்றிவிட்டு வெளியே போய்ப் பாருங்கள். மஞ்சள் தண்ணி எங்கேயும் வெளியே வரவில்லை என்றால் அது அனேகமாக மலசலகூடத் தொட்டிக்குள்தான் போகிறது.

முதல் அறிகுறி 2023 ஆனியில் வந்தது. குசினித் தொட்டியில் தண்ணி மெல்ல மெல்லத்தான் இறங்கியது. பிறகு குசினியில் தண்ணி விட்டால் மலசலகூடத்துக்குள் கொளக் கொளக்கென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்ட அன்றே ஆளைக் கூப்பிட்டிருந்தால் 4,000, 5,000 ரூபாவோடு முடிந்திருக்கும். நான் கொதிதண்ணி ஊற்றினேன். அன்றைக்கு இறங்கியது. மூன்றாம் நாள் திரும்பவும் அதே கதை. கொதிதண்ணி அதைக் கரைக்கவில்லை, இளக்கி இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். அங்கே போய்க் குளிர்ந்து திரும்ப இறுகியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா உப்பும் சுடுதண்ணியும் போடச் சொன்னா, இவர் அரைக் கிலோ உப்பைப் போட்டார். உப்பு சவர்க்காரத்தைக் கரைக்காது. உப்புத் தண்ணியில் சவர்க்காரம் தண்ணியை விட்டுப் பிரிந்து கட்டியாகும். பழைய காலத்தில் சவர்க்காரத்தைப் பிரித்தெடுக்கவே உப்புப் போட்டிருக்கிறார்கள். அடுத்து நான் வினாகிரி ஊற்றிப் பார்த்தேன். புளிப்புப் பட்டால் சவர்க்காரம் உடைந்து கொழுப்பாகத் திரும்பும், வெள்ளை வெள்ளையாகத் திரண்டு மேலே வரும். தொட்டியின் வடிவாயால் அந்தத் திரளைகள் பொங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, அடைப்பு வெளியே வருகிறது என்று நான் சந்தோசப்பட்டேன்.

அதற்குப் பிறகு செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முக்கியம். ஐப்பசியில் ஒரு கலியாண வீட்டுக்குச் சின்னக் கட்டியாக 60 கேட்டிருந்தார்கள். தராசின் பற்றரி இறங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சோடா கூடிப்போய்விட்டது. அடுத்த நாள் அச்சைத் திறந்தால் கட்டி சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது, நடுவில் கண்ணாடி போலக் காரத்தண்ணி தேங்கி நின்றது. நுனிவிரலால் தொட்டேன், வழுக்கியது, பிறகு எரிந்தது. இதைப் பிள்ளைகள் நடமாடுகிற வளவில் எப்படி ஊற்றுவது என்று யோசித்து, முழுவதையும் மலசலகூடத்துக்குள் கொட்டி நாலு வாளி தண்ணி அடித்தேன். அடைப்பு எடுக்கக் கடையில் விற்கிறதே கோஸ்டிக் சோடாதானே, ஒரு கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் நினைத்தேன்.

மலசலகூடத் தொட்டி வெறும் சீமெந்துப் பெட்டி என்று நினைக்காதீர்கள், அது உயிர் உள்ள இடம். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதற்குள் இருந்துதான் கழிவைத் தின்று, கரைத்து, தண்ணியாக்கி ஊறுகுழிக்கு அனுப்புகின்றன. காரமும் புளிப்பும் நடுத்தரமாக இருந்தால்தான் அவை உயிரோடு இருக்கும். கடும் காரத்தை ஒரேயடியாக ஊற்றினால் பட்ட இடத்தில் எல்லாம் சாகும். கழிவு சிதையாமல் அப்படியே நிற்கும், தொட்டி கெதியாக நிரம்பும், சிதையாத கழிவு ஊறுகுழிக்குள் போய் மண்ணின் துவாரங்களை அடைக்கும். எங்கள் மாதிரிக் களிமண் நிலத்தில் இன்னொன்றும் நடக்கும். கோஸ்டிக் சோடாவில் இருக்கிற சோடியம் களிமண்ணைப் பிரித்துச் சேறாக்கிவிடும், அந்த மண் பிறகு தண்ணியை உறிஞ்சாது. களர் நிலத்தில் தண்ணி தேங்கி நிற்பதைக் கமக்காரர் பார்த்திருப்பார்கள், அதே விதம்தான். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி போனால் ஒன்றும் ஆகாது. நான் ஊற்றினது அச்சில் தேங்கி நின்ற காரத்தண்ணி முழுவதும், மூன்று கிலோ உதிர்ந்த சவர்க்காரமும்.

மார்கழி மழையோடு எல்லாம் ஒன்றாக வந்தது. நிலத்தடித் தண்ணி மேலே ஏறியது, ஊறுகுழி உறிஞ்ச மறுத்தது, ஒருநாள் விடிய மலசலகூடத்தில் தண்ணி விளிம்பு வரை நின்றது. மாமிதான் முதல் பார்த்தா. எனக்குக் கால் கை நடுங்கியது. உடனே குழி இறைக்கிற பவுசருக்கு அடித்தோம், 12,000 ரூபா. இறைத்துவிட்டுப் போய் இரண்டு நாளில் தொட்டி திரும்ப நிரம்பியது. சுற்றியிருந்த மண்ணில் நின்ற தண்ணிதான் உள்ளே வந்திருக்கிறது. வெள்ளம் நிற்கிற நேரத்தில் குழி இறைப்பது காசைத் தண்ணிக்குள் போடுகிற வேலை, அதோடு வெறுமையான தொட்டியைச் சுற்றியுள்ள தண்ணி நெருக்கி வெடிக்கவும் வைக்கும், பிளாஸ்ரிக் தொட்டி என்றால் மிதந்தே மேலே வந்துவிடும். மழை விட்டுத் தண்ணி வடியும் வரை பாவிக்காமல் விடுவதுதான் சரியாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தபோதுதான் சொன்னார்.

அதே கிழமை மேசன் அண்ணை வந்தார். அவர் வருகிறதுக்கு முதல் நாள் இரவு, எப்படியாவது இறங்கிவிடாதா என்ற அந்தரத்தில், வீட்டில் இருந்த அரைக் கிலோ சோடாவையும் குசினித் தொட்டிக்குள் கொட்டிச் சுடுதண்ணி விட்டிருந்தேன். தொட்டிக்குக் கீழே இருந்த பி.வி.சி. பைப்பின் முழங்கை வளைவு சூட்டில் இளகிக் கோணிப்போனது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஏசுவார் என்ற பயமும் இருந்தது. அவர் வெளிப்பக்கத்துப் பைப்பை வாளால் அறுத்தார். உள்ளே தேங்கி நின்ற தண்ணி அவரது வலக்கையில் முழங்கை வரை கொட்டியது. "என்ன தங்கச்சி, கை வழுக்குது" என்றார். அடுத்த நிமிசம் முகம் மாறியது. நான் கத்திக்கொண்டு ஓடிப்போய் வாங்கில் அவரை இருத்தி, குழாயைத் திறந்து கையைப் பிடித்தேன். இருபது நிமிசம் தண்ணி விட்டோம். மாமி வினாகிரி ஊற்றச் சொன்னா. அது கூடாது, காயத்தில் காரமும் புளிப்பும் சேர்ந்தால் சூடு கிளம்பும், தண்ணி மட்டும்தான், நிறையத் தண்ணி. பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். தோல் சிவந்து இரண்டு இடத்தில் கொப்புளித்திருந்தது, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அவருக்கும் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு சொல்லும் ஏசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது. குழியோ பைப்போ பார்க்க யார் வந்தாலும், நீங்கள் எதை ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலசலகூடம் கழுவுகிற அசிற் ஊற்றியிருந்தாலும் சொல்லுங்கள். அசிற்றின் மேல் சோடா விழுந்தால் கொதித்துத் தெறிக்கும், அசிற்றும் குளோரினும் சேர்ந்தால் நச்சுவாயு வரும். தொட்டி மூடியைத் திறந்தால் ஒருவரையும் உள்ளே இறங்க விடாதீர்கள், தலையை நீட்டிப் பார்க்கவும் விடாதீர்கள். அந்த வாயு ஆளை மயக்கி விழுத்திவிடும்.

அறுத்தெடுத்த பைப்பின் ஒரு துண்டை அவர் நிலத்தில் நிமிர்த்தி வைத்தார். இரண்டு அங்குலப் பைப்பில் நடுவே என் சின்னிவிரல் போகிற அளவு துவாரம்தான் மிச்சம். சுற்றிவர மஞ்சளும் வெள்ளையுமாக, முற்றிய தேங்காயின் சொட்டு மாதிரி, வெட்டினால் கத்தி நின்று நின்று போகிற இறுக்கம். மரத்தில் வருச வளையம் இருக்குமே, அப்படிப் படை படையாகத் தெரிந்தது. ஓரிடத்தில் மெல்லிய பச்சைப் படை ஒன்று. வைகாசியில் ஒரு கிழமை நான் குப்பைமேனி போட்டுச் செய்தது. வேப்பெண்ணெய் மணம் அப்படியே இருந்தது. நான் விற்கிற சவர்க்காரத்தின் அதே மணம்.

மழை விட்ட பிறகு வேலை நாலு நாள் நடந்தது. மேசனுக்கும் உதவியாளுக்கும் 26,000. பைப், முழங்கை, சீமெந்து 13,500. பழைய ஊறுகுழி சரிவராது என்று, கிணற்றில் இருந்து 50 அடிக்கு அங்கால் தள்ளிப் புதிதாக ஒன்று வெட்டினோம், கல்லும் சல்லியும் 19,000. பவுசர் இரண்டாம் தரம் வந்தது, இரண்டும் சேர்த்து 24,000. வெள்ளத்தோடு குழித் தண்ணி கிணற்றுக்குப் போயிருக்குமோ என்ற பயத்தில் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டது 2,500. மேசன் அண்ணையின் மூன்று நாள் கூலி 12,000. அவர் வேண்டாம் என்றார், அவரது மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லாம் 97,000 ரூபா. 14 மாதம் சவர்க்காரம் விற்று மிஞ்சினது 1 லட்சத்துச் சொச்சம். அந்தக் காசை மகளின் ரியூசனுக்கென்று சேர்த்து வைத்திருந்தேன்.

இரண்டாவது தரம் இறைத்த பிறகு தொட்டிக்குள் மாட்டுச்சாணி போடு, ஈஸ்ற் போடு என்று ஆளுக்கொரு விதம் சொன்னார்கள். ஒன்றும் தேவையில்லை. அடியில் கொஞ்சம் கழிவு விட்டுவைத்தால், வழமை போலப் பாவிக்கப் பாவிக்க நுண்ணுயிர்கள் தானாகவே திரும்பப் பெருகும்.

நான் சவர்க்காரம் செய்வதை விடவில்லை. செய்கிற விதத்தை மாற்றினேன். அச்சில் ஊற்றினதும் சட்டியில் ஒட்டியிருப்பதை றப்பர் கரண்டியால் கடைசித் துளி வரை வழித்து அச்சுக்கே போடுகிறேன். பிறகு பழைய பேப்பரால் ஒரு தரம் துடைக்கிறேன், கையுறை கழற்றாமல். அந்தப் பேப்பரை மூடி போட்ட வாளியில் போட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் குப்பைக்கு விடுவேன். அதற்குள் அதில் இருக்கிற காரம் ஆறிவிடும். சட்டியைக் கழுவ மாட்டேன். பிள்ளைகளும் கோழிகளும் போகாத அலுமாரியின் மேல் தட்டில் அப்படியே ஒரு நாள் முழுக்க வைப்பேன். அடுத்த நாள் அதில் இருப்பது கூழ் இல்லை, சவர்க்காரம். பிளாஸ்ரிக் தகட்டால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும், அதை ஒரு ரின்னில் சேர்க்கிறேன். இவ்வளவுக்கும் பிறகு சட்டியில் மிஞ்சுவது இரண்டு, மூன்று கிராம்தான். அதை வெளியே ஒரு பேசினில் கழுவுகிறேன், குசினித் தொட்டிப் பக்கமே கொண்டுபோவதில்லை. மழைத் தண்ணி இருக்கிற காலத்தில் அதில்தான் கழுவுவேன், கரையாத ஊத்தை பிடிக்காது. சட்டி எவர்சில்வராக இருக்க வேண்டும். எங்கள் வீடுகளில் அலுமினியச் சட்டிதான் கூட. கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், பொங்கி வருகிற வாயு தீப்பிடிக்கும், மறந்தும் எடுக்காதீர்கள்.

பேசின் தண்ணியை நேரே வாழைக்கு ஊற்றுவதும் சரியில்லை. ஒரு நாள், இரண்டு நாள் தாங்கும். ஒரே இடத்தில் நெடுக ஊற்றினால் அந்த மண்ணும் இறுகிப்போகும். எங்கள் குசினித் தண்ணிக்கு இப்போது தனிப் பைப். அது முதலில் ஒரு சின்னச் சீமெந்துத் தொட்டிக்குள் விழும். தண்ணி உள்ளே வருகிற வாயை விட வெளியே போகிற வாய் கீழே, தண்ணி மட்டத்துக்குள் இருக்கிற மாதிரி ஒரு ரீ (T வடிவப் பைப்) வைத்துக் கட்டினது. எண்ணெயும் சவர்க்காரத் திரளும் மேலே மிதந்து அங்கேயே நின்றுவிடும், அடியில் உள்ள தண்ணி மட்டும் போகும். வெளிவாய்க்கு முன்னால் ஒரு சின்ன உரப்பையில் தென்னந்தும்பு கட்டி வைத்திருக்கிறேன், மாதம் ஒரு தரம் மாற்றுவேன். மேலே படிகிற ஆடையைக் கிழமைக்கு ஒரு தரம் கரண்டியால் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் கட்டினதில் பிரயோசனமே இல்லை. அங்கிருந்து தண்ணி கிணற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் உள்ள சல்லிக் கிடங்குக்குப் போகிறது. மலசலகூடத் தொட்டிக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிழைத்துப்போன சவர்க்காரத்தையும் மிஞ்சின காரத்தண்ணியையும் என்ன செய்வது என்பதுதான் என்னிடம் பெண்கள் அதிகம் கேட்கிற கேள்வி. எங்கேயும் ஊற்ற வேண்டாம், எண்ணெயைக் கொடுத்துவிடுங்கள். காரத்தண்ணியில் கோஸ்டிக் சோடா 100 கிராம் மிஞ்சியிருந்தால், வடை சுட்ட பழைய எண்ணெய் 800 கிராமுக்குக் குறையாமல் வடித்துச் சேர்த்துக் கடைந்து அச்சில் ஊற்றுங்கள். குளிக்க உதவாது, உடுப்புத் தோய்க்க நல்ல சவர்க்காரம் வரும். காரம் கூடி உதிர்ந்துபோன கட்டிகளையும் கையுறையோடு துருவி, எண்ணெயும் கொஞ்சம் தண்ணியும் சேர்த்து எவர்சில்வர்ச் சட்டியில் மெல்லிய நெருப்பில் காய்ச்சினால் திரும்பவும் கூடிவரும். காரத்தண்ணியைச் சோடாப் போத்தலிலோ தண்ணிப் போத்தலிலோ ஊற்றி வைக்காதீர்கள், ஒரு மணித்தியாலத்துக்குக்கூட. வெயிலில் வருகிற பிள்ளை பச்சைத் தண்ணி என்று எடுத்துக் குடித்துவிடும்.

ஒரு சொட்டுக்கூடப் பைப்புக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கை கழுவுகிறோம், குளிக்கிறோம், அந்தச் சவர்க்காரத் தண்ணியை நல்ல தொட்டி தாங்கும். வேகாத கூழும் காரத்தண்ணியும்தான் வேறு. தராசை நம்பிச் செய்கிற தொழில் இது, செய்யத் தொடங்க முதல் தராசில் ஒரு கிலோ சீனிப் பக்கற்றை வைத்துப் பார்க்கிறதும் எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

இந்த மாசியில் பக்கத்துக் கிராமத்தில் இருந்து நாலு பெண்கள் பழக வந்தார்கள். எண்ணெய்ப் போத்தலை எடுக்க முதல் அவர்களைக் கோடிப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பைப் துண்டைக் காட்டினேன், அதை நான் எறியவில்லை. ஒருத்தி குனிந்து மணந்து பார்த்துவிட்டு, "அக்கா, எங்கட வீட்டிலயும் குசினித் தண்ணி கக்கூஸ் குழிக்குத்தான் போகுது" என்றாள். அன்று சவர்க்காரம் செய்யவில்லை. மேசன் அண்ணைக்குப் போன் எடுத்து, அவளின் வீட்டுக்கு எப்போது வர ஏலும் என்று கேட்டோம்.